ஒச்சாயி வாங்கித் தந்த ஓட்டு

உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒச்சாயியும் கணவன் காசிமாயனும் பிழைக்க வந்து, மண்ணரையில் மாரப்பன் வாடகைக்கு விட்டிருந்த லைன் வீடுகளில் ஒன்றில் குடியேறினார்கள். ஒச்சாயி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலைக்குப் போனாள்.

2005 மழையில் சாக்கடை நிரம்பி வீடுகளுக்குள் புகுந்தது. பக்கத்து வீட்டு நதியாவின் கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் சுருண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது. லைன் வீட்டுப் பெண்களைத் திரட்டிக்கொண்டு ஒச்சாயி கவுன்சிலர் வீட்டுக்குப் போனாள்.

அவர் எல்லோரையும் ஒரு பார்வை பார்த்தார். "உங்கள்ல ஒருத்தருக்காச்சும் இங்க ஓட்டு இருக்குதுங்களா?"

யாருக்கும் இல்லை.

"அப்பறம் எங்கிட்ட எதுக்கு வந்தீங்க?" என்று சிரித்தபடி உள்ளே போய்விட்டார்.

அடித்திருந்தால்கூட ஒச்சாயி பொறுத்திருப்பாள். அந்தச் சிரிப்பைப் பொறுக்க முடியவில்லை. லீவு போட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்குப் போய் விசாரித்தாள். குடியிருப்பதாக வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டால் வாக்காளர் பட்டியலில் பேர் சேர்க்கலாம் என்றார்கள்.

மாரப்பன் ஒரேயடியாக மறுத்துவிட்டார். "இன்னிக்கு கையெழுத்துப் போட்டா நாளைக்கு ஊடே எங்களுதும்பீங்க. ஆளை உடுங்க."

காசிமாயனுக்குப் பயம். "ஏண்டி வம்பு? காலி பண்ணுன்னுட்டா எங்க போறது?"

"வேற வீடு பாப்போம். நான் இங்க இல்லாத ஆளுன்னு ஒருத்தன் சொல்ல, கேட்டுக்கிட்டு இருக்க முடியாது."

ஒரு ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் மோட்டாரைப் பார்க்க மாரப்பனின் மனைவி செல்லாத்தாள் வந்தார். ஒச்சாயி அவரிடமும் கேட்டாள்.

செல்லாத்தாள் வியந்துபோனார். "இத்தனை வருசமா எங்கூட்டுக்காரரு சொல்ற சின்னத்துல குத்திப்போட்டு வாரேன். நீங்க என்னமோ அதுக்குச் சண்டை கட்டறீங்க!"

"நாங்க யாரையும் கேட்டுப் போட மாட்டோங்கக்கா. நீங்களும் இந்தத் தடவ கேக்காதீங்க."

செல்லாத்தாள் மோட்டாரைப் பார்த்துவிட்டுக் கிளம்பிப் போனார். ஆனால் அந்த வீடுகள் நின்ற இடம் அவருடைய தகப்பனார் அவர் பேருக்கு எழுதிக்கொடுத்தது. மறுநாள் சாயங்காலம் லைன் வீட்டு வாசலில் நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்து, ஒவ்வொரு வீட்டுக்கும் கையெழுத்துப் போட்டார். மாரப்பன் பதறிக்கொண்டு வந்தபோது நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"எங்கப்பன் குடுத்த எடமுங்க. நான் போடறேன்."

அடுத்த ஆண்டு உள்ளாட்சித் தேர்தல் வந்தது. முதல் தடவையாக லைன் வீடுகளுக்கு வேட்பாளர்கள் வந்தார்கள். அதே கவுன்சிலரும் கும்பிட்டபடி தெரு முனையில் வந்து நின்றார். ஒச்சாயி வாசலிலிருந்தே குரல் கொடுத்தாள்: "அங்கயே நின்னா எப்படி? சாக்கடையத் தாண்டி வாங்க, பேசுவோம்."

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நதியா தேறிவிட்ட குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு பெண்ணும் சிரிக்கவில்லை. அத்தனை பேரும் கேள்வி கேட்டார்கள்.

வாக்குப்பதிவு நாளன்று பெண்கள் தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, பள்ளிக்கூடத்து வரிசையில் போய் நின்றார்கள். செல்லாத்தாளும் வந்தார். வெளியே வந்ததும் மாரப்பன், "எதுல குத்துன?" என்றார். "அதெல்லாம் சொல்லக் கூடாதாமுங்க" என்று செல்லாத்தாள் ஒச்சாயியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார்.

ஜெயித்து வந்த புதியவர் அடுத்த கோடைக்குள் சாக்கடை கட்டிக்கொடுத்தார். திறப்பு விழாக் கல்லில் பெரிய மனிதர்கள் பேரெல்லாம் இருந்தன. ஒச்சாயி பேர் இல்லை. அவளுக்கு நின்று படிக்க நேரமும் இல்லை. பல்லடத்திலிருந்தும் பெருமாநல்லூரிலிருந்தும் பெண்கள் தங்களுக்கும் ஓட்டு வாங்கித் தரச் சொல்லி ஆள்விட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமாயன்தான் சோறாக்கினான். யாராவது தேடி வந்தால் கரண்டியோடு வாசலுக்கு வருவான்.

"ஓட்டு விசயமா? உக்காருங்க. எங்க வீட்டம்மா பெருமாநல்லூர் போயிருக்கு. அது வந்துட்டா உங்க காரியம் முடிஞ்ச மாதிரிதான்."