சென்னம்மா கூப்பிட்டபோது

கல்யாணமாகி ஆறு வருடங்களில் மாதேஸ்வரியும் ராஜசேகரும் சேர்ந்து ஊர் சுற்றப் போனதே இல்லை. ஓசூரில் இருவருக்கும் வேறு வேறு கம்பெனி. அவள் கார்களுக்கு வயர் கட்டு செய்யும் இடத்தில் குவாலிட்டி பார்ப்பவள். அவன் சிஎன்சி மெஷின் ஓட்டுபவன். அவளுக்குப் பகல் ஷிப்ட் விழுந்தால் அவனுக்கு ராத்திரி ஷிப்ட் விழும். ஜூஜுவாடியில் அவர்கள் குடியிருந்த ஒற்றை அறை வீட்டில், பல நாள் ஒருவர் எழுந்த பாயில்தான் இன்னொருவர் வந்து படுப்பது. அதனால் மழைக்காலத் தொடக்கத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்ததும், "எங்கயாச்சும் போலாம் மாமா. மலையும் தண்ணியும் இருக்கற எடமா பாரு" என்று அவள்தான் ஆரம்பித்தாள்.

ஏலகிரி என்று முடிவாயிற்று. விடிந்ததும் பைக்கில் கிளம்பினார்கள். கிருஷ்ணகிரி தாண்டி பர்கூர் நெருங்கியபோது ராஜசேகர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டான். பர்கூர் அவன் சொந்த ஊர். கிரானைட் குவாரியில் வேலை பார்த்த அப்பா போன பிறகு, அம்மா நாராயணம்மா அங்கே தனியாக இருந்தாள். வீட்டுக்குள் நுழைந்தால் சாப்பிடாமல் விடமாட்டாள். அரை நாள் போய்விடும்.

"உங்கம்மா பாத்துட்டா என்னா சொல்றது?" என்று மாதேஸ்வரி பின்னாலிருந்து கேட்டாள்.

"இத்தினி வண்டி போவுது, நம்மளயா பாக்கப்போவுது?"

சொன்னானே தவிர, ஊர் எல்லை தாண்டும்வரை அவன் வண்டியின் வேகத்தைக் குறைக்கவில்லை. அவளும் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். திரும்பும்போது நின்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று மனதுக்குள் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஏலகிரியில் முதலில் ஏரிக்குப் போனார்கள். மிதித்து ஓட்டும் படகில் ஏறியதும் மாதேஸ்வரி லைஃப் ஜாக்கெட்டின் வார்களை எல்லாம் இழுத்துப் பார்த்தாள். கம்பெனியில் வயர் முனைகளை இழுத்துப் பார்க்கும் அதே பழக்கம். ராஜசேகர் வேண்டுமென்றே படகை ஆட்டினான். அவள் கத்தினாள், பிறகு அவளே ஆட்டினாள். நடு ஏரியில் படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது. ஆளுக்கொரு பக்கம் மிதித்தால் எங்கே போகும் என்று கரையிலிருந்து படகுக்காரர் சத்தம் போட்டார். இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அவள் இப்படிச் சிரித்து ராஜசேகர் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மத்தியானம் மலையேறப் போனார்கள். ஏறும் பாதை தொடங்கும் இடத்தில் சென்னம்மாவின் கடை இருந்தது. தார்ப்பாய்க் கூரை, ஒரு அடுப்பு, இரண்டு பெஞ்சு. டீ, பஜ்ஜி, சுட்ட சோளம். சென்னம்மாவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. புருஷன் இல்லை. மகள் காவேரியை ஜோலார்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்தாள். ஹெல்மெட்டுகளை வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டபோது அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே தலையாட்டினாள்.

"வச்சிட்டுப் போங்க. மேகம் கட்டுது. உச்சியில நின்னு போட்டோ எடுத்துக்கினு சீக்கிரமா எறங்கிடுங்க. பாதைய வுட்டு மட்டும் எறங்காதீங்க."

உச்சியில் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே ஏற்கெனவே கூட்டமும் பாட்டுச் சத்தமும் இருந்தன. மறுபக்கச் சரிவில், மரங்களுக்கு நடுவே, சின்னதாக ஒரு குட்டை பளபளத்தது. மாதேஸ்வரி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க போலாம் மாமா."

"அந்தக்கா பாதைய வுட்டு எறங்காதன்னு சொல்லிச்சே."

"நாட்றாம்பாளையம் மலையில பொறந்தவளுக்கு எறங்கத் தெரியாதா? வா, கால நனச்சிட்டு சுத்திக்கினு வந்துர்லாம்."

அவள் முன்னால் நடந்தாள். ராஜசேகர் பின்னால் போனான். குட்டை நினைத்ததைவிடத் தள்ளி இருந்தது; ஆனால் போய்ச் சேர்ந்தபோது வந்தது வீணில்லை என்று தோன்றியது. சுற்றிலும் ஆளரவமில்லை. தண்ணீரில் கால்களை விட்டபடி இருவரும் தோளோடு தோள் சாய்ந்து உட்கார்ந்தார்கள். வீட்டில் ஒருவர் தூங்கும்போது மற்றவர் சத்தமில்லாமல் சமைத்துக்கொண்டே இருந்த வருடங்களைப் பற்றி அவள் பேசினாள். அவன் அவள் காலில் ஒட்டியிருந்த இலையை எடுத்துவிட்டான்.

மழை சொல்லாமல் வந்தது. கூடவே மேகமும் இறங்கி, வந்த வழி மறைந்துவிட்டது. ஏறினார்கள். முட்புதரில் போய் முட்டினார்கள். திரும்பி இன்னொரு பக்கம் ஏறினார்கள். செல்போனில் சிக்னல் இல்லை. பொழுது சாயத் தொடங்கியதும் ஒரு பெரிய பாறையின் அடியில் ஒதுங்கினார்கள்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஓய்... ஓஓய்..."

கட்டையான, கரகரப்பான குரல். மேலே எங்கோ இருந்து வந்தது. ராஜசேகர் பதில் கொடுக்க வாயெடுத்தான். மாதேஸ்வரி அவன் வாயைப் பொத்தினாள்.

"பேசாத. யாரோ ஆம்பளைங்க. குடிச்சிட்டு வராங்களோ என்னமோ. ரெண்டு பேரு தனியா இருக்கம்."

அவள் கழுத்தில் தாலிச் சங்கிலி இருந்தது. காட்டில் ஒதுங்கிய ஜோடிகளுக்கு நேர்ந்ததாகக் கம்பெனி லைனில் பெண்கள் பேசிக்கொள்ளும் கதைகள் எல்லாம் அந்த நிமிடத்தில் நினைவுக்கு வந்தன. குரல் மறுபடி கூப்பிட்டது. இன்னும் கிட்டத்தில் கூப்பிட்டது. அவள் கையை எடுக்கவில்லை. அவன் மூச்சு அவள் உள்ளங்கையில் சூடாகப் பட்டுக்கொண்டிருந்தது.

பிறகு கற்கள் உருளும் சத்தம். அதன் பின்னால், "ஐயோ, அம்மா!" என்று ஒரு பெண்ணின் அலறல்.

இருவரும் ஓடினார்கள். ஈரப்பாறையின் கீழே சென்னம்மா கிடந்தாள். குடை தள்ளிக் கிடந்தது. டார்ச் லைட் புல்லுக்குள் எரிந்துகொண்டிருந்தது. வலது கால் கணுக்காலுக்கு மேலே வளைந்திருந்தது.

கம்பெனியில் சொல்லிக்கொடுத்த முதலுதவி மாதேஸ்வரிக்கு நினைவிருந்தது. காலின் இரண்டு பக்கமும் குச்சி வைத்துத் துப்பட்டாவால் கட்டினாள். ராஜசேகர் சென்னம்மாவை முதுகில் தூக்கிக்கொண்டான். வழி தெரியாமல் இருவரும் விழித்தபோது, முதுகில் இருந்தபடியே, பல்லைக் கடித்துக்கொண்டு, சென்னம்மாதான் வழி சொன்னாள்.

"எடது பக்கம் போ தம்பி... அந்தப் பலாமரத்த ஒட்டி... மெதுவா, மெதுவா."

அவளைத் தேடிவந்து காப்பாற்றியவர்கள்போல் கீழே இறங்கினார்களே தவிர, காப்பாற்றப்பட்டவர்கள் அவர்கள்தான். பாதித் தூரத்தில் சென்னம்மா கேட்டாள்.

"கடைய மூடறப்ப ஹெல்மெட்டு ரெண்டும் அங்கயே இருக்குது. அதான் தேடிக்கினு வந்தேன். தொண்ட கிழியக் கத்தினேனே, காதுல வுழலியா?"

மாதேஸ்வரியின் கால்கள் நின்றன.

"மழையில கேக்கலக்கா" என்றான் ராஜசேகர்.

கீழே ஊர்க்காரர்கள் கூடியிருந்தார்கள். ஒருவர் ராஜசேகரைச் சட்டையைப் பிடிக்காத குறையாகத் திட்டினார். "பொண்டாட்டிய இட்டுக்கினு போற எடமாடா அது?" ராஜசேகர் தலைகுனிந்து நின்றான். கூட்டிப்போனது நான் என்று மாதேஸ்வரி சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. திருப்பத்தூர் ஆஸ்பத்திரியில் சென்னம்மாவுக்கு எலும்பு முறிவு என்று மாவுக்கட்டுப் போட்டார்கள். காவேரி வந்து சேரும்வரை இருவரும் ஈரத்துணியோடு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள்.

பர்கூரில் நிற்காமல் ஓசூர் வந்து சேர்ந்த பிறகும் மாதேஸ்வரியால் சாப்பிட முடியவில்லை. லைனில் நின்றால் மெஷின் சத்தத்துக்கு நடுவே யாரோ 'ஓய்' என்பதுபோல் இருக்கும், திரும்பிப் பார்ப்பாள்.

"நீ பயந்துட்ட. அதுக்கு என்னா பண்ண முடியும்?" என்றான் ராஜசேகர்.

"மொத தடவ கூப்ட்டப்ப பயந்தேன். ரெண்டாவது தடவ அந்தக்கா கொரலு மாதிரியே இருந்துச்சு மாமா. அப்பவும் கைய எடுக்கல. தப்பா இருந்துட்டா என்னா பண்றதுன்னு இருந்துட்டேன்."

ராஜசேகர் சோற்றுத் தட்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தான்.

அடுத்த ஞாயிறு லீவு சொல்லிவிட்டு இருவரும் பார்க்கப் போனார்கள். சென்னம்மா கடை வாசலில் பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அடுப்பு எரியவில்லை. காவேரிக்கு ஞாயிற்றுக்கிழமையும் வேலை. கூட்டம் வருவதோ ஞாயிறு ஒரு நாள்தான். மாதேஸ்வரி எதுவும் கேட்காமல் அடுப்பைப் பற்றவைத்தாள். ராஜசேகர் கடலை மாவைக் கரைத்தான். தண்ணீர் அதிகமாகி பஜ்ஜி எண்ணெயில் கரைந்து போனது. கோணலாக வந்தவற்றை மாதேஸ்வரி தனியாக எடுத்துவைக்க, சென்னம்மா பெஞ்சிலிருந்து கத்தினாள்.

"அதையெல்லாம் எதுக்குடி ஒதுக்கற? வாயிக்குள்ள போனா கோணலு தெரியுமா?"

ஷிப்ட் மாற்றிக் கேட்டுக்கொண்டு ஞாயிறுதோறும் போனார்கள். சென்னம்மா ராஜசேகரை ஓயாமல் திட்டினாள். வழி தெரியாத ஆம்பளை, காது கேக்காத ஆம்பளை என்று வருகிறவர்களிடமெல்லாம் கதை சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே டீ ஆற்றினான். மாதேஸ்வரிக்கு ஒவ்வொரு சொல்லும் தன் மேல் விழ வேண்டியது என்று தெரியும்.

ஒரு ஞாயிறு, கூட்டம் ஓய்ந்த நேரத்தில், அவள் சென்னம்மாவின் காலருகே தரையில் உட்கார்ந்தாள்.

"அக்கா, நீங்க கூப்ட்டது கேட்டுச்சு."

சென்னம்மா வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நாந்தான் அவர பேச வுடல. வாயப் பொத்திட்டேன். யாரோ எவரோன்னு பயம். அந்தக் குட்டைக்கு எறங்கலாம்னு சொன்னதும் நாந்தான்."

சென்னம்மாவின் விரல்கள் நின்றன. பிறகு கடலைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"பதில் வந்திருந்தா நான் அந்தப் பாறமேல கால வச்சிருக்க மாட்டேன்."

"தெரியும்க்கா."

"பாவம், அந்தப் புள்ளயப் போட்டு இத்தினி நாளா நாய் மாதிரி திட்டியிருக்கேன். நீ பக்கத்துல நின்னு பஜ்ஜி போட்டுக்கினு இருந்தியே!"

மாதேஸ்வரி அழுதாள். சென்னம்மா தேற்றவில்லை. "பஸ்ஸு வந்து நிக்குது. டீக்கு ஆளு வருவாங்க, போ" என்றாள். அன்று சாயங்காலம்வரை அவளோடு பேசவில்லை. அடுத்த ஞாயிறும் ராஜசேகரோடு மட்டும்தான் பேச்சு. அவனைத் "தம்பி, சாப்ட்டியா?" என்று கேட்டு, தன் கையால் சோளம் சுட்டுக் கொடுத்தாள். மாதேஸ்வரி வாய் பேசாமல் பாத்திரம் துலக்கினாள். இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று அவளுக்குப் பயமாக இருந்தது. சென்னம்மா அப்படியும் சொல்லவில்லை.

மாவுக்கட்டுப் பிரித்த வாரம், சென்னம்மா கம்பை ஊன்றிக்கொண்டு அடுப்புவரை நடந்து வந்தாள். மாதேஸ்வரி கரைத்துவைத்த மாவை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"உப்பு கம்மி" என்றாள். பல நாட்களுக்குப் பிறகு அவளைப் பார்த்துப் பேசிய முதல் பேச்சு அது.

மாதேஸ்வரி அவசரமாக உப்புப் போட்டாள். பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டாள்.

"கால் வலிக்குதாக்கா?"

"வலிக்குதுதான். குளிர் காலத்துல இன்னும் வலிக்கும்னு டாக்டரு சொன்னாரு. வலிக்கலைன்னு சொல்லணுமா உனக்கு?"

"இல்லக்கா."

"அப்ப மாவக் கலக்கு."

மாதேஸ்வரி கலக்கினாள். சென்னம்மா பெஞ்சுக்குத் திரும்பிப் போகாமல், கம்பைக் கூரைக்காலில் சாய்த்துவிட்டு, ஒரு கையால் மாதேஸ்வரியின் தோளைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வாழைக்காய்த் துண்டுகளை எண்ணெயில் போடத் தொடங்கினாள். நிற்கிறவளின் முழு எடையும் தோளில் இறங்கியது. மாதேஸ்வரி அசையாமல் நின்றாள்.