தடவிப் பார்த்த சுவர்

பூம்புகாருக்குக் கிழக்கே, கடலுக்கடியில், மூழ்காளர் பாய் என் மணிக்கட்டைப் பிடித்து ஒரு கல்லின் மேல் வைத்தார். என் கையே எனக்குத் தெரியவில்லை. விளக்கைப் போட்டால் டீ நிறக் கலங்கல்தான் தெரிந்தது. என் விரல்களை மெல்ல நகர்த்தினார். நேரான விளிம்பு, ஓர் இடுக்கு, அதை ஒட்டி இன்னொரு கல், பிறகு ஒரு மூலை. மனிதர் கட்டிய சுவர் அது என்பதை அப்படித்தான் அறிந்தேன். மேலே வந்ததும், “பாத்தீங்களா மேடம்?” என்றார். “எங்க பாத்தேன் பாய், தடவினேன்” என்றேன். படகே ஆடும்படி சிரித்தார்.

பாய் நாகூர்க்காரர். வளைகுடாவில் கப்பல்களுக்கு அடியில் வெல்டிங் செய்துவிட்டு ஊர் திரும்பியவர். எங்கள் தொல்லியல் ஆய்வுக் குழுவின் மூழ்காளர். நான் வலங்கைமான் பக்கம், பிறர் வயலில் நடவு நட்ட அம்மாவின் மகள். இடிபாடுகளை அளந்து வரைவது என் வேலை. அதற்காகவே முங்கப் பழகியிருந்தேன். எங்கள் ஊர் வயல்களுக்கு உரமான அதே காவிரி வண்டல்தான் கடலில் எங்கள் கண்ணைக் கட்டியது. ஆண்டுக்குச் சில வாரங்களே தண்ணீர் தெளியும். அப்போது அனுமதிக் கடிதம் ஏதாவதொரு மேசையில் கிடக்கும். அது வந்து சேரும்போது கடல் கலங்கியிருக்கும். படம் இல்லாத சுவரை யாரும் நம்பவில்லை. அளவாவது கொண்டு வாருங்கள் என்றார்கள் மேலதிகாரிகள்.

அனுமதியின் கடைசி நாள். “அடியில இழுப்பு ஜாஸ்தியா இருக்கு. இன்னிக்கு வேணாம் மேடம்” என்றார் பாய். “நாளைக்கு இறங்க விடமாட்டாங்க பாய். ஒரே ஒரு தடவை. அந்த மூலையை மட்டும் அளந்துடலாம்” என்றேன். பாய் முகமூடியை மாட்டிக்கொண்டார்.

யாரோ மீனவர் இழந்த வலை ஒன்று அந்தக் கற்களில் சிக்கிக் கிடந்திருக்கிறது. நீரோட்டம் எங்கள் இருவரையும் அதற்குள் தள்ளியது. இருட்டில் அவருடைய கை என் காலைத் தேடி வந்தது. கத்தியால் வலையை அறுத்து என்னை மேலே தள்ளினார். அவருடைய இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்தவர்கள் வலையோடு சேர்த்து இழுத்து ஏற்றியபோது மூச்சு இல்லை.

விசாரணையில் ஒரு தாளை நீட்டினார்கள். எச்சரித்தும் கேளாமல் மூழ்காளர் தாமாகவே இறங்கினார் என்றிருந்தது. “கையெழுத்துப் போடுங்கம்மா. இல்லன்னா உங்க வேலைக்குத்தான் ஆபத்து” என்றார் அதிகாரி. போட்டேன். ஆய்வை மூடிவிட்டார்கள். என் வேலை நிலைத்தது. அந்தச் சுவருக்கு இன்றுவரை ஒரு படம்கூடக் கிடையாது.

பல வருடம் கழித்து, சென்ற மாதம்தான் நாகூரில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் அழவில்லை. “எங்க பிள்ளைங்க அவங்க வாப்பாவப் பத்தி அந்தக் காகிதத்தைத்தான் படிச்சிருக்குதுங்க. இப்ப சொன்னதை எழுதிக் கொடுங்க” என்றார். ‘அவர் வேண்டாம் என்றார். நான்தான் இறங்கச் சொன்னேன்’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். இரண்டு முறை படித்துவிட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு சற்று நின்றேன். எங்கள் பக்கம் யாரையும் ‘போயிட்டு வாங்க’ என்றுதான் அனுப்புவார்கள்.

“சரி, போங்க” என்றார்.