வாத்துச் சுடும் துவக்கு

என்னுடைய டீவி கேமைப் பிடித்துக்கொண்டு போகத்தான் பொலிஸ் எங்கள் ஒழுங்கைக்குள் வந்தது என்று நான் நம்பினேன். சிரிக்க வேண்டாம். பத்து வயதுக்காரனுக்கு நாட்டு நிலைமை தெரியாது. தன் குற்றம் மட்டும்தான் தெரியும்.

குற்றம் இதுதான். அந்தக் காலத்து டீவி கேமை டீவியின் அன்டெனாத் துளையில் சொருகித்தான் விளையாட வேண்டும். வெள்ளவத்தையில் வீடுகள் தோளோடு தோள் முட்டிக்கொண்டு நின்றன. நான் எங்கள் ஹோலில் விளையாடினால் அந்தப் படம் எப்படியோ காற்றில் தாவி, பக்கத்து வீட்டு டீவியிலும் மங்கலாக ஓடும். பக்கத்து வீட்டு அங்கிள் ஓய்வுபெற்ற பாங்க் மனேஜர். செய்தியைப் பூசை பார்ப்பது போலப் பார்க்கிறவர். ஒரு நாள் மதிலுக்கு மேலால் தலையை நீட்டினார்.

"செய்தி வாசிக்கிற பிள்ளையின்ர முகத்துக்குக் குறுக்கால வாத்து பறக்குது. இன்னொருக்காப் பறந்தா நான் பொலிஸில சொல்லுவன்."

அடுத்த நாளும் பறக்கவிட்டேன். வேறெதற்கும் இல்லை, அந்த மனுசன்மேல் வந்த கோபத்தில்தான்.

வாத்து என்றால் சுட வேண்டும். அந்த கேமோடு ஒரு துவக்கு வந்தது. கறுப்பு நிறம், கைக்கு அடக்கமான பாரம், வாலாக நீண்ட வயர். டீவிக்கு நேரே பிடித்து அமத்தினால் வாத்து விழும். எனக்கு இருந்த ஒரே எதிரி சின்ன மாமா. அம்மாவின் தம்பி. வவுனியாவிலிருந்து வந்து, வெளிநாட்டுக்குப் போவதற்காகக் காத்துக்கொண்டு எங்கள் ஹோலில் பாய் விரித்துப் படுத்தார். துவக்கின் வாயை டீவிக் கண்ணாடியில் ஒட்டவைத்துத்தான் சுடுவார். அது கள்ளம் என்று நான் குதித்தால், "கிட்ட நிண்டு சுட்டாலும் செத்த வாத்து செத்ததுதானடா மருமோன்" என்பார். எத்தனை முறை அழுதிருப்பேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பாண் வாங்கப் போன அப்பா வெறுங்கையோடு திரும்பி வந்தார். அடுத்த ஒழுங்கையில் பொலிஸ் வீடு வீடாகச் செக் பண்ணுகிறதாம். பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைத்தார்கள். எனக்கு விளங்கிவிட்டது. அங்கிள் சொல்லிவிட்டார். குசினிக்குள் ஓடிப்போய் கேம் கசட்டுகளை ஒவ்வொன்றாக அரிசி வாளிக்குள் புதைத்தேன். கேம் பெட்டியையும் துவக்கையும் எடுக்கத் திரும்பி வந்தால், பெட்டி இருந்தது, துவக்கு இல்லை. மாமாவும் இல்லை.

"மாமா எங்க?"

"அலுவலா வெளியில போயிட்டான்," என்றார் அம்மா, என் முகத்தைப் பார்க்காமல்.

"என்ர துவக்கு?"

"வாயைப் பொத்திக்கொண்டு இரு."

பயம் பாதியில் நின்று கோபம் ஏறியது. ஊரே கலங்கிக் கிடக்கிற நேரம் பார்த்து மாமா துவக்கை அடித்துக்கொண்டு போய்விட்டார். அதற்குள் பொலிஸ் வாசலுக்கு வந்துவிட்டது. ஒரு பெரியவர், ஒரு இளம் கான்ஸ்டபிள். அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். கான்ஸ்டபிளின் கண் டீவிக்கு முன்னால் கிடந்த பெட்டியில் விழுந்தது.

"மேக்க மொகத்த?" இது என்ன என்று கேட்கிறார்.

அப்பா வாய் திறக்குமுன் நான் முன்னால் பாய்ந்து, தெரிந்த சிங்களம் முழுவதையும் கொட்டினேன். "சமாவென்ன சேர். மமய் தாராவோ யெவ்வே." மன்னியுங்கள் சேர், வாத்துகளை அனுப்பியது நான்தான். இனிமேல் செய்தி நேரத்தில் அனுப்ப மாட்டேன் என்று சொல்லச் சிங்களம் போதவில்லை. கையைக் கூப்பினேன். அந்த நேரம் பார்த்துக் காற்சட்டையும் நனைந்தது.

கான்ஸ்டபிள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தன் மகனிடமும் இது இருக்கிறதாம். குந்தியிருந்து பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்து, இதற்கு ஒரு துவக்கும் வருமே, அது எங்கே என்று அப்பாவிடம் கேட்டார்.

"கெடுனா சேர்," என்றார் அப்பா. உடைந்துபோனதாம்.

நான் வாயைத் திறந்தேன். உடையவில்லை, மாமா களவெடுத்துவிட்டார் என்று நியாயம் கேட்கத்தான். அம்மா பின்னால் நின்று என் தொடையில் கிள்ளினார். அப்படி ஒரு கிள்ளு அதற்கு முன்னும் வாங்கியதில்லை, பின்னும் வாங்கியதில்லை. திறந்த வாயால் அழுகைதான் வந்தது. கான்ஸ்டபிள் என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

மாமா அன்றைக்கு வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. அம்மா சாப்பிடவில்லை. அப்பா வேலைக்குப் போகாமல் யார் யாரையோ பார்க்க அலைந்தார். தம்பி கள்ளனாகிப்போன வெட்கம் என்று நான் விளங்கிக்கொண்டேன். நல்லாய் வேண்டும் என்றும் நினைத்தேன்.

ஒரு பின்னேரம் மாமா வந்தார். தாடி வளர்ந்திருந்தது. படலையைத் திறக்க இரண்டு கையையும் பாவித்தார். நான் வழியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"என்ர துவக்கு எங்க?"

அம்மா என்னை அடிக்கக் கையோங்கினார். மாமா இடையில் வந்தார்.

"வித்துப்போட்டன்டா மருமோன். நல்ல விலை வந்தது."

அதன் பிறகு நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் கனடாவுக்குப் போன நாளும், அவரை ஏற்ற வான் வந்து நின்றபோது, குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டேன். கதவைத் தட்டிக் கூப்பிட்டார். தண்ணீரைத் திறந்துவிட்டேன்.

அந்தக் கோபத்தின் விளைவைப் பார்க்க விரும்புகிறவர்கள் என் பிளட்டுக்கு வரலாம். ஒரு அறை முழுக்கப் பழைய கேம் பெட்டிகள், கசட்டுகள், ஜோய்ஸ்டிக்குகள். மனைவி அதைப் பழைய இரும்புக்கடை என்பாள். எல்லாம் இருந்தது, அந்தத் துவக்கைத் தவிர. போன மாதம் கொட்டாஞ்சேனையில் ஒரு பழைய ரேடியோக் கடையை மூடும்போது அதே மாதிரி ஒன்று கிடைத்தது. வாங்கியதும் மாமாவுக்கு வீடியோ கோல் எடுத்தேன்.

"கள்ள மாமா, நீங்க வித்ததை நான் திருப்பி வாங்கிட்டன். பாருங்கோ."

மாமா சிரித்தார். "கிட்டக் காட்டடா," என்றார். காட்டினேன். பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்தில் இருந்த அம்மா என் கையிலிருந்து போனைப் பறித்து நிறுத்தினார்.

"இன்னொருக்கா அவனைக் கள்ளன் எண்டு சொன்னியெண்டால் நான் உன்ர வீட்டில இருக்கமாட்டன்."

பிறகு சொன்னார். அன்று காலை துவக்கை உடைத்து எறியச் சொல்லி அப்பா மாமாவிடம் கொடுத்திருக்கிறார். மாமாவுக்கு உடைக்க மனம் வரவில்லை. நிலைமை சரியானதும் எனக்குத் திருப்பித் தரலாம் என்று, துவாயில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டு கிருலப்பனையில் கூட்டாளி வீட்டுக்குப் போயிருக்கிறார். வழியில் சோதனைச் சென்றியில் மறித்துப் பையைத் திறந்தார்கள். வீட்டுக்கு வராத நாளெல்லாம் மாமா உள்ளே அடிவாங்கிக்கொண்டு இருந்தார். விளையாட்டுச் சாமான் என்று அவர் சொன்னதை அங்கே ஒருவரும் நம்பவில்லை.