செவலையின் கடைவாய்ப் பல்

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். அந்தப் பெருமை எனக்குக் கொஞ்சம் அதிகம்தான். ஆனால் நெசவாளியான என் அப்பா என் படிப்பை மதிக்கிறாரா என்பது மட்டும் தெரியாமலே இருந்தது.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த சமயம். அம்மாபேட்டையில் எங்கள் கிழட்டு நாய் செவலை தீனியைத் தொடாமல் எச்சில் ஒழுகப் படுத்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரர் தடியோடு வந்துவிட்டார்.

"வெறி புடிச்சிருச்சுங்க. கடிக்கறதுக்கு முந்தி அடிச்சுப் போட்டரலாமுங்க."

நான் குறுக்கே நின்றேன். "வெறியில்லீங்க மாமா. ஒரு பக்கந்தான் கன்னம் வீங்கியிருக்குது. அதையேதான் காலால பறண்டுது. பல்லு வலிங்க."

"நாலெழுத்துப் படிச்சா நாய்க்கு வைத்தியமா?" என்று அவர் சிரித்தார்.

அப்பா தறிக்குழியிலிருந்து எழுந்து வந்தார். "நீ படிச்ச புள்ளை. நல்லாப் பாத்துத்தான் சொல்றயா, சாமி?"

"ஆமாங்கப்பா" என்றேன். நாயின் பல்லைப் பற்றி நான் எந்தப் பாடத்திலும் படித்ததில்லை, கண்ணால் பார்த்ததுதான். என் கணிப்பு தப்பாகி, வெறிநாய் அப்பாவைக் கடித்துவிட்டால் அவர் உயிருக்கே ஆபத்து.

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. செவலையை மடியில் சாய்த்து, வெறுங்கையை அதன் வாய்க்குள் விட்டார். கடைவாயில் சீழ் பிடித்த பல் ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. என் பால்பற்களைப் பிடுங்கியது போலவே நூலால் சுருக்குப் போட்டு, ஒரே இழுப்பில் எடுத்தார். செவலை அலறியது. பிறகு அவர் விரல்களை நக்கத் தொடங்கியது.

"பல்லுவலிக்குத் தடி எதுக்குங்க?" என்று பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, அப்பா கை கழுவப் போனார்.

பிறகு பள்ளியில் பரிசுகள் வாங்கியிருக்கிறேன். மற்றவர்கள் கைதட்டும்போதெல்லாம், என் சொல்லை நம்பி நாயின் வாய்க்குள் போன அந்தக் கைதான் எனக்கு நினைவுக்கு வரும்.