குமராட்சிப் பொம்மையின் தொப்பி

கட்டிக்கொண்டிருக்கும் வீட்டின் உச்சியில் நிற்கும் வைக்கோல் பொம்மையின் தலையிலிருந்து ஒரு தொப்பியைக் கழற்றினால், அந்த வீட்டில் வேலை செய்யும் மனிதனின் கால் ஒடியுமா? முன்பு யாரேனும் இப்படிக் கேட்டிருந்தால், ஒடியாது என்று சிரித்தபடி சொல்லியிருப்பேன். இன்றும் என் விடை அதுதான். ஆனால் சரியான அந்த விடை, ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றத் துளியும் உதவவில்லை. 2009 பிப்ரவரியில் கடலூர் மாவட்டத்தில் மேற்கொண்ட மூன்று நாள் பயணத்தில் அதை நேரில் கண்டு அதிர்ந்துபோனேன்.

பழைய ஃபெல்ட் தொப்பிகளைத் தேடி வாங்கிச் செப்பனிடுவது என் பொழுதுபோக்கு. முயல் போன்ற விலங்குகளின் ரோமத்தை நெய்யாமல், நீராவியிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்வது ஃபெல்ட். கோட்டும் சூட்டும் அணிந்த ஆண்கள் ஒரு காலத்தில் அந்தத் தொப்பி இல்லாமல் வெளியே கிளம்பியதில்லை. எவ்வளவு நசுங்கியிருந்தாலும், ஆவி காட்டினால் ஃபெல்ட் இளகும். கையால் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்துவிடலாம். என்னை ஈர்த்தது அந்தக் குணம்தான்.

சனிக்கிழமை விடியற்காலையில் சென்னை கோயம்பேட்டில் பேருந்து ஏறி, பத்து மணிக்குக் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினேன். அகல ரயில் பாதைப் பணி நடந்துகொண்டிருந்ததால் அந்தத் தடத்தில் அப்போது ரயில் இல்லை. கோயில் தெருவை ஒட்டிய பழைய சாமான் கடைக்காரர் தொலைபேசியில் வரச் சொல்லியிருந்தார். அவர் ஆவலோடு எடுத்துக் காட்டியது நெட்டியால் செய்த வெயில் தொப்பி.

"தொர போட்டது சார். அசல்."

"நான் தேடுவது துணி மாதிரி மெத்தென்று இருக்கும். இது நெட்டி."

அவர் தொப்பியைத் தட்டிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். "மெத்துனு இருக்கறதா? அப்ப குமராச்சிக்குப் போங்க. எங்க மச்சான் ஊரு. அங்க ஒரு வாத்தியாரு வீடு கட்டுறாரு. திருஷ்டி பொம்மைக்கு அந்த மாரி ஒண்ணுதான் மாட்டியிருக்குது. ஊர்ல எல்லாம் பூசணிக்கா கட்டுவாங்க, அவுரு தொப்பி மாட்டியிருக்காரு!"

சிதம்பரத்துக்குப் பேருந்துக் கட்டணம் பதினைந்து ரூபாய். அங்கிருந்து மினி பஸ்ஸில் நான்கு ரூபாய். அறுவடை முடிந்த வயல்களில் தாளடி மட்டும் நின்றது. குமராட்சியில் இறங்கி யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. கூரை வீடுகள் நிறைந்த தெருவில் எழும்பிக்கொண்டிருந்த முதல் மாடிவீடு அது. சவுக்குக் கம்புகளால் கட்டிய சாரத்தின் உச்சியில் வைக்கோல் பொம்மை ஒன்று கைகளை விரித்து நின்றது. அதன் தலையில் சாம்பல் நிற ஃபெல்ட் தொப்பி, சுண்ணாம்புத் தெறிப்புகளோடு.

வீட்டுக்காரர் ஆரோக்கியதாஸ் பள்ளி ஆசிரியர். நான் வந்த காரணத்தைக் கேட்டதும் வாய்விட்டுச் சிரித்தார்.

"எங்க தாத்தா ரங்கூன்ல கப்பல் கம்பெனியில இருந்தாரு சார். அவுரு தொப்பி. பரண்ல கெடந்துது. நாங்க வேதக்காரங்க, எங்களுக்கு திருஷ்டி கிருஷ்டியெல்லாம் கெடையாது. மேஸ்திரிதான் பொம்மைக்கு ஏதாவது குடுங்கன்னாரு. நீங்க எடுத்துக்குங்க. காசெல்லாம் வேணாம்."

மேஸ்திரி அன்று வேறு ஊருக்குப் போயிருந்தார். மேல்தளத்தில் சாந்துச் சட்டி சுமந்துகொண்டிருந்த அஞ்சலை என்ற சித்தாளை ஆசிரியர் கூப்பிட்டு, தொப்பியைக் கழற்றித் தரச் சொன்னார். அவளுக்கு நாற்பது வயது இருக்கும். சட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சாரத்தில் ஏறினாள். சுவருக்குப் பூச்சு பூசிக்கொண்டிருந்த கொத்தனார் வேலு கரண்டியை நிறுத்தினார்.

"பாத்து கழட்டு. பொம்மைக்கு சளி புடிச்சிக்கப் போவுது."

"உனக்குப் புடிக்காம இருந்தா சரி, மாமா" என்றாள் அவள். எல்லாரும் சிரித்தார்கள். பொம்மையின் தலையில் ஒரு மண்சட்டியைக் கவிழ்த்துவிட்டு இறங்கி வந்தாள்.

அன்று மாலையும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சிதம்பரம் விடுதி அறையில் அந்தத் தொப்பியோடு கழிந்தன. மென்மையான பிரஷ்ஷால் சுண்ணாம்பைத் துளித் துளியாக உதிர்த்தேன். உட்புறத் தோல் பட்டை விறைத்திருந்தது. எண்ணெய் தொட்டு இளக்கினேன். ஆவிக்காகக் கீழ வீதித் தேநீர்க் கடைக்குப் போய், கொதிக்கும் பாய்லருக்கு மேல் தொப்பியைப் பிடித்தேன்.

"என்னா சார், தொப்பிக்கு ஸ்ட்ராங்கா, லைட்டா?" என்றார் மாஸ்டர்.

துண்டு சுற்றிய சொம்பின் மேல் அதைக் கவிழ்த்து விரல்களால் நீவினேன். இரவுக்குள் நெற்றிப் பக்கத்து மடிப்பும் விளிம்பின் வளைவும் திரும்பி வந்துவிட்டன. நான் செப்பனிட்டவற்றிலேயே மிகச் சிறந்தது அதுதான்.

திங்கட்கிழமை காலை, ஊருக்குக் கிளம்பும் நேரத்தில் ஆரோக்கியதாஸ் தொலைபேசியில் அழைத்தார். சனிக்கிழமை நான் கிளம்பிப் போன ஒரு மணி நேரத்துக்குள் சாரத்தின் ஒரு பக்கம் சரிந்து வேலு கீழே விழுந்திருந்தார். கால் முறிவு. சிதம்பரத்தில்தான் மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். "தொப்பிய எறக்குனதாலதான்னு சொல்றாங்க சார். இன்னிக்கி ஒருத்தரும் சாரத்துல ஏற மாட்டேங்கறாங்க. அஞ்சலைய மேஸ்திரி நிறுத்திட்டாரு." பையை அறையிலேயே வைத்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனேன்.

வேலு மாவுக்கட்டோடு படுத்திருந்தார். என்னைக் கண்டு கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன், உட்காரச் சொன்னார்.

"சாரக்கயிறு அந்து போச்சு சார். போன மழையில நனைஞ்ச கயிறு. மாத்தணும்னு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன்."

"அப்படியென்றால் தொப்பிக்கும் இதற்கும் சம்பந்தமில்லையே?"

அவர் என்னை வியப்போடு பார்த்தார். "அது எப்பிடி சார்? மழைலேருந்து தாங்குன கயிறு, தொப்பிய எறக்குன அன்னிக்கித்தான அறுந்துது?"

இரண்டையும் ஒரே மூச்சில் நம்பிய அந்த மனிதரிடம் விடைபெற்றுக் கிளம்பினேன்.

குமராட்சிக்குப் போகும் மினி பஸ்ஸில் தொப்பி என் மடியில் இருந்தது. தொப்பியைத் திருப்பிக் கொடுத்தால், குற்றம் தொப்பியினுடையது என்றும், அதை இறக்கிய அஞ்சலையினுடையது என்றும் நானே ஒப்புக்கொண்டதாகும். மக்கிய கயிறு தப்பித்துவிடும். நாளை இன்னொருவர் விழுவார். கொடுக்காமல் போனாலோ, என் கொள்கைக்கான விலையை அஞ்சலை செலுத்துவாள். எந்தப் பக்கம் எடைபோட்டாலும் பாரம் வேறொருவர் தலையில்தான் இறங்கியது.

ஆசிரியர் கட்டும் வீட்டுக்கு எதிரே மதகின் மேல் அஞ்சலை உட்கார்ந்திருந்தாள். கூலிக்காரர்கள் வேலையின்றி மர நிழலில் இருந்தார்கள். யாரும் அவள் பக்கம் போகவில்லை. நான் முதலில் அவளிடம் போய், கயிறுதான் காரணம் என்று எல்லார் முன்னாலும் எடுத்துச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"சொல்லுங்க சார், வேணாங்கல. ஆனா ராசியில்லாதவன்னு எங்க மேஸ்திரி ஒரு வார்த்த சொன்னா, சுத்துப்பட்டு மேஸ்திரி ஒருத்தனும் என்ன கூப்புட மாட்டான். என் பொண்ணு பன்னெண்டாவது எழுதப் போவுது. நெசமா பொய்யான்னு அப்பறம் பேசிக்கலாம். மொதல்ல தொப்பியக் குடுங்க."

என் கையிலிருந்ததை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"இது யாருது?"

மேஸ்திரி நடராஜனும் எழுந்து வந்தார். அறுபதை நெருங்கும் மனிதர். கண்கள் தூக்கமின்றிச் சிவந்திருந்தன. தொப்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கடையில வாங்கியாந்து ஏமாத்துறீங்களா சார்? மாட்டுன பொருள வேல முடியறதுக்குள்ள எறக்கக் கூடாது. எறக்குனா அதே பொருள, எறக்குன கையாலயே ஏத்தணும். இது அந்தத் தொப்பி இல்ல."

அதே தொப்பிதான், நான்தான் சுத்தம் செய்தேன் என்று சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன். ஆரோக்கியதாஸே தன் தாத்தாவின் தொப்பியை அடையாளம் தெரியாமல் விழித்தார். நீராவியின் குணத்தை விளக்கினேன். கயிற்றைப் பற்றியும் பேசினேன். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டார்.

"கயிறு அந்தது நெசம் சார். நான் இல்லங்கல. எதுனால அந்துது? அதச் சொல்லுங்க. பதினஞ்சு பேரு என்ன நம்பி ஏறுறாங்க."

அப்போது அஞ்சலை அவர் கையிலிருந்து தொப்பியைப் பறித்தாள். வெள்ளையடிக்க ஊறவைத்திருந்த சுண்ணாம்புத் தொட்டியில் வலக்கையை முழங்கைவரை விட்டு எடுத்து, தொப்பியின் மேல் ஓங்கி அறைந்தாள். ஐந்து விரல்களும் பதிந்தன. மேற்பகுதியை ஒரு குத்துவிட்டு நசுக்கினாள். விளிம்பை இழுத்துக் கோணலாக்கினாள். என்னையறியாமல் "ஐயோ" என்று கத்திவிட்டேன்.

"இப்பப் பாரு. அதானா?"

மேஸ்திரி விரல் தடத்தைத் தொட்டுப் பார்த்தார். மர நிழலிலிருந்து ஒருவர், "அதேதான்யா, நான்தான தெனம் பாக்குறேன்" என்றார். மேஸ்திரியின் முகம் தளர்ந்தது.

"சரி. ஏறி மாட்டு."

"மாட்டமாட்டேன்."

"என்னாடி இது?"

"எறக்குன கைதான ஏத்தணும்? அது என் கைதான? அந்தக் கயித்துல நான் ஏறமாட்டேன். எல்லாக் கட்டும் புதுக் கயிறா மாத்து, ஏறுறேன். இல்லன்னா நீயே வச்சிக்க, தொப்பிய."

நிழலிலிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். ஒருவர் சிரித்தார். "கேக்குறது நாயந்தான மேஸ்திரி?" என்றார் இன்னொருவர். நான் அரை மணி நேரம் பேசியும் அசையாத இடம் அது. அவர்களுடைய வழக்கத்தையே பிடித்து அவள் மேஸ்திரியை நிறுத்திவிட்டாள். ஆரோக்கியதாஸ் சட்டைப்பையைத் தடவிக்கொண்டே சைக்கிளை எடுத்துக் கடைவீதிக்குப் போனார்.

பிற்பகல் மூன்று மணிக்குமேல் ஆயிற்று, கட்டுகளையெல்லாம் அவிழ்த்துப் புதுக் கயிறு முடிய. மேஸ்திரியே ஒவ்வொரு முடிச்சையும் தொங்கிப் பார்த்தார். அஞ்சலை ஏறி, மண்சட்டியை எடுத்துவிட்டுத் தொப்பியை மாட்டினாள். இறங்கியவள் யாரையும் பார்க்காமல் சாந்துச் சட்டியைத் தூக்கினாள். மேஸ்திரி, "மணல் ஜாஸ்தி போடாத" என்றார். அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது என்பதற்கான அறிவிப்பு அதுவே.

சென்னைக்குத் திரும்பும் பேருந்தில் எனக்கு நிம்மதியும் கலக்கமும் சேர்ந்தே இருந்தன. அஞ்சலைக்கு வேலை இருந்தது. சாரம் உறுதியாக இருந்தது. ஆனால் தொப்பிதான் வேலுவை வீழ்த்தியது என்ற நம்பிக்கையும் அந்தத் தெருவில் முன்னைவிட உறுதியாக நின்றது. அதை அங்கே நிறுத்தியவர்களில் நானும் ஒருவன். வேலு ஜூன் மாதம்தான் வேலைக்குத் திரும்பினார் என்று ஆசிரியர் பின்னர் தொலைபேசியில் சொன்னார்.

இப்போது நான் பொம்மைகளின் தலையிலிருந்து தொப்பி கேட்பதில்லை. சென்னையில் என் தெருவிலும் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுகின்றன. சாரத்தைக் கடக்கும்போது கயிற்றைப் பார்க்கிறேன். மக்கியிருந்தால் உள்ளே போய்ச் சொல்கிறேன். இதுவரை இரண்டு இடங்களில் சொன்னேன், ஓரிடத்தில் மாற்றினார்கள்.