வற்ற வைத்த பாலைத் திரும்ப வாங்கினேன்

போன ஆவணியில் என் நெஞ்சில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டினார்கள். அலங்காரத்துக்கு இல்லை, பால் வற்றுவதற்கு. என் மகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். எனக்குப் பால் நன்றாகவே இருந்தது. அதை வற்ற வைத்தால்தான் வேலைக்குப் போக முடியும் என்ற நிலைமை. மாரியம்மனை நம்பும் சகோதரிகளே, இதை இன்றைக்கு எழுதுகிறேன். துக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால்.

நாங்கள் விருதுநகர் பக்கம். பிழைப்புக்காக ஓசூர் வந்து மத்திகிரியில் வரிசை வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். நானும் என் வீட்டுக்காரரின் அக்காவும் ஒரே கம்பெனியில் வேலை பார்க்கிறோம். அவரை மதினி என்று கூப்பிடுவேன். வண்டிகளுக்கு வயர் கட்டும் கம்பெனி, பெயர் வேண்டாம். நாங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள். பிள்ளை பெற்று மூன்றாம் மாதம் வந்து நிற்காவிட்டால் இடம் அடுத்தவளுக்குப் போய்விடும் என்று காண்ட்ராக்டரின் ஆள் போனில் சொல்லிவிட்டான். சட்டம் வேறு மாதிரி சொல்கிறதாம். அந்தச் சட்டம் எங்கள் கேட்டைத் தாண்டி உள்ளே வந்ததே இல்லை.

போனேன். முதல் நாளே லைனில் நிற்கும்போது பால் சுரந்து கோட்டு நனைந்துவிட்டது. கொஞ்ச நேரம் போய்ப் பாலை எடுத்துவிட்டு வருகிறேன் என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். அவரும் பிள்ளை பெற்ற பெண்தான். டாய்லெட்டில் போய்ச் செய், சீக்கிரம் வா என்றார். நாற்றமடிக்கும் அந்த இடத்தில் சுவரோடு சாய்ந்து நின்று, என் பிள்ளையின் சாப்பாட்டைப் பீச்சித் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தேன். வெளியே வந்தால், பால் வாடை அடிக்கிறது, இதையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டு வரக்கூடாதா என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டார். தலையைக் குனிந்துகொண்டு வயர் கட்டினேன்.

அதற்கு மதினி சொன்ன வழிதான் மல்லிகைப்பூ. எங்கள் வரிசை வீடுகளில் இது வழக்கமாகவே ஆகிவிட்டது. வேலைக்குத் திரும்புகிறவள் உதிரிப்பூவை மார்பில் வைத்து, மேலே துணியால் இறுக்கிக் கட்டிக்கொள்வாள். வாடினால் புதுப்பூ. இந்த ஊரில் பூவுக்கா பஞ்சம்? ரெண்டு பிள்ளைக்கும் நானும் இதைத்தான் செய்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றார் மதினி. இருந்தேன். மார்பு கல்லாய் இறுகி உயிர் போனது. பிறகு தளர்ந்தது. பிறகு ஒன்றுமே இல்லை. பிள்ளைக்கு டப்பாப் பால் வாங்கினோம். நைட் ஷிப்ட் முடித்து வரும் என் வீட்டுக்காரர் பகலில் தூங்காமல் பாட்டிலில் கொடுத்தார்.

புரட்டாசி பிறந்த வாரம் பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு பிடித்தது. நிற்கவே இல்லை. கண் குழி விழுந்துவிட்டது. அழக்கூடத் தெம்பில்லாமல் வாயை மட்டும் திறந்து மூடும். ஆஸ்பத்திரியில் சேர்த்து டிரிப் ஏற்றினார்கள். டப்பாப் பால் ஒத்துக்கொள்ளவில்லை, தாய்ப்பாலை ஏன் நிறுத்தினீர்கள் என்று டாக்டர் கேட்டார். காரணத்தைச் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். கொடுக்கப் பால் இல்லாத நெஞ்சோடு பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் பிழைப்பாள் என்ற நம்பிக்கையே எனக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தேன். வழியில் எங்கள் தெரு மாரியம்மன் கோயிலுக்குள் போனேன். கும்பிடத்தான் போனேன். அன்றைக்கு அம்மனுக்குப் பூ அலங்காரம். கழுத்திலிருந்து இடுப்புவரை மல்லிகை, நெஞ்சே தெரியவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. வாய்விட்டுக் கத்தினேன்.

"உனக்கும் நாளைக்கு ஷிப்ட் இருக்கா? அதுக்குத்தான் இப்படிக் கட்டி விட்ருக்காங்களா? எம்பிள்ளைக்குப் பால் குடு. குடுக்கலைன்னா இனி உன் வாசல மிதிக்க மாட்டேன்."

பூசாரி தட்டை வைத்துவிட்டு ஓடி வந்தார். சாமி முன்னால் இப்படியா பேசுவது என்று ஆளாளுக்கு அதட்டினார்கள். என்னுடைய வேண்டுதல் அதுதான். அதைவிட நல்லவிதமாகக் கேட்க அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தில் நின்ற ஓர் அம்மா என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தார். இவரும் திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். பூ எப்போது கட்டினாய், பிள்ளை எங்கே இருக்கிறாள் என்று கேட்டார். நாங்கள் சேர்ந்திருந்த அதே ஆஸ்பத்திரியில் அவர் நர்ஸ். பால் கொடுக்கத் திணறும் தாய்மார்களுக்கு உதவுவதுதான் அவர் வேலை. அவருடைய அறை எங்கள் வார்டுக்கு ரெண்டு கதவு தள்ளி இருந்தது! அந்த வராந்தாவில் எத்தனை தடவை அழுதுகொண்டே நடந்திருப்பேன். அங்கே போய்க் கேள் என்று ஒருத்தர் வாய் திறக்கவில்லை. அந்தக் கோபத்திலேயே அம்மனை மறுபடி திரும்பிப் பார்த்தேன். கேட்டு முடிப்பதற்குள் ஆளை அனுப்பியிருந்தாள்.

சிஸ்டர் சொன்னது ஒவ்வொரு சொல்லும் நினைவிருக்கிறது. "பால் எங்கியும் போவல கண்ணு. கொயந்த வாய் வெச்சிக் கேட்டா திரும்பி வரும். நாளாவும். நீ மட்டும் விட்றாத."

அன்று மாலையே ஆரம்பித்தார். பிள்ளையை என் உடம்போடு ஒட்டிப் போட்டார். ஒரு மெல்லிய குழாய், ஒரு முனை கிண்ணத்துப் பாலில், மறுமுனை என் மார்புக் காம்போடு ஒட்டியிருக்கும். பிள்ளை சப்பும்போது அந்தப் பால் அவள் வாய்க்குப் போகும், என் மார்புக்கும் அவள் கேட்பது தெரியும். கிண்ணத்தில் இருந்தது மற்ற தாய்மார்கள் தானமாகக் கொடுத்த தாய்ப்பால். அவர்கள் யாரென்று தெரியாது. அவர்களுக்காகவும் தினமும் விளக்கேற்றுகிறேன்.

வயிற்றுப்போக்கு நின்றது. வேறு டப்பாப் பால் எழுதிக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். எனக்குப் பால் மட்டும் வரவில்லை. தினமும் பஸ் ஏறி சிஸ்டரின் அறைக்குப் போவேன். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டு கத்துவாள். போகும்போதும் வரும்போதும் மனதுக்குள் அம்மனோடு சண்டை போடுவேன். கம்பெனியிலிருந்து போன் வந்தது. பால் வந்த பிறகுதான் வருவேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஐப்பசியில் ஒரு காலை, சிஸ்டர் குழாயை ஒட்டுவதற்குள் பிள்ளை தானாகவே வாய் வைத்துவிட்டாள். விடவில்லை. மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது. சிஸ்டர் என் தோளில் தட்டி, கேள், கேள் என்றார். கேட்டேன், தாயே. நீ கொடுத்ததைக் காதால் கேட்டேன்.

துணைக்கு வந்திருந்த மதினி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒருத்தரும் இதச் சொல்லலியே" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதார். பூ கட்டச் சொன்னதற்காக மதினி மேல் நான் உள்ளுக்குள் வைத்திருந்த கோபம் அந்த இடத்திலேயே இறங்கிப்போனது. போக வேண்டிய இடம் எதுவென்று அதற்குத் தெரிந்துவிட்டது.

ஆள் கிடைக்காமல் லைனில் என் இடம் காலியாகவே இருந்தது. வேலைக்குத் திரும்பிய அன்று மதினியும் லைனில் உள்ள பெண்களும் என்னோடு மேனேஜர் அறைக்கு வந்தார்கள். கதவுள்ள ஓர் அறை வேண்டும், பால் எடுக்க நேரம் வேண்டும், இல்லாவிட்டால் லைனில் யாரும் நிற்க மாட்டோம் என்றோம். அம்மனிடமே கத்தியவள் மேனேஜருக்கா பயப்படுவேன்? அட்டைப்பெட்டி அடுக்கி வைத்திருந்த அறையைக் காலி பண்ணிக் கொடுத்தார்கள். மூடி போட்ட சின்னத் தூக்கில் பாலை எடுத்து ஐஸ் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோகிறேன். என் மகள் இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். போன மாதம் வெளியிலிருந்து பார்வையிட வந்தவர்களுக்கு அதே அறையைக் காட்டி, தாய்மார்கள் மேல் எங்களுக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள் என்று அதே சூப்பர்வைசர் பெருமையடித்தார். பக்கத்தில் என்னை நிற்க வைத்துப் போட்டோ வேறு. நான் சிரிக்கவில்லை.

சகோதரிகளே, பால் வற்றிவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அம்மனிடம் போங்கள். அழத் தெரிந்தால் அழுங்கள், சண்டை போடத் தெரிந்தால் போடுங்கள், அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். அங்கிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் இந்த உதவி எங்கே என்று சத்தமாகக் கேளுங்கள். துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன்.

இவ்வளவு கருணை கிடைத்த பிறகு அந்தக் கம்பெனிக்காரர்களை மன்னித்துவிடக் கூடாதா என்று பூசாரி கேட்டார். அம்மன் என்னிடம் அதைக் கேட்கவில்லை. கேட்டால் அவளோடு எனக்கு இன்னொரு சண்டை இருக்கிறது.