அகழி வீட்டுப் பாலம்

செந்துறைப் பக்கம் நான் வாழ்க்கைப்பட்டுப் போன ஊரில் பண்ணையார் வீட்டைச் சுற்றி ஓர் அகழி இருந்தது. எந்தக் காலத்திலோ குதிரைப் படைக்குப் பயந்து வெட்டினார்களாம். என் காலத்தில் ஒரு குதிரையும் வரவில்லை. எங்களை அண்டவிடாமல் வைக்கத்தான் அது பயன்பட்டது.

கோடைதோறும் அதைத் தூர் வாரியது எங்கள் தெரு ஆட்கள். இடுப்பளவு சேற்றில் இறங்கலாம். நிறைந்தபின் ஒரு குடம் மொள்ளக் கூடாது, தீட்டாம். சேற்றுக்கு ஒட்டாத தீட்டு தண்ணீருக்கு மட்டும் எப்படி ஒட்டும் என்று கேட்டால் மாமியார் என் வாயைப் பொத்துவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

சுதந்திரம் வந்த மறு கோடையில் எங்கள் கிணறு வறண்டது. பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சவும் தண்ணீர் இல்லை. நாங்கள் ஆழமாக வாரியிருந்ததால் அகழியில் மட்டும் கிடந்தது. பெண்கள் குடங்களோடு கிளம்பினோம்.

உள்ளே போக ஒரே வழி, பனைமரங்களைச் சேர்த்துக் கட்டிய பாலம். நாங்கள் வீட்டுக்குள் புகுந்துவிடுவோம் என்று பயந்த பண்ணையார், உள்ளே இருந்த வேலையாட்களை விட்டு அதை அக்கரைக்கு இழுத்துவிட்டார். அவர் வீடு எங்களுக்கு எதற்கு? இக்கரையிலேயே இறங்கி மொண்டுகொண்டு வந்தோம்.

மறுநாள்தான் அவருக்கு உறைத்தது. மாட்டுக்கொட்டகை, களம், வயல் எல்லாம் இக்கரையில். பாலத்தைத் திரும்பப் போட இந்தப் பக்கம் கயிறு பிடிக்க ஆள் வேண்டும்; உள்ளே இருந்தவர்களில் நீந்தி வரத் தெரிந்தவர் இல்லை. தூர் வாரப் பாலத்தை எடுத்துப் போடும்போதெல்லாம் பிடித்தவர்கள் எங்கள் ஆண்கள்தான். கயிறு வந்து விழுந்ததும் என் வீட்டுக்காரர் பழக்கதோஷத்தில் குனிந்தார். தொட்டால் இனிக் கஞ்சி கிடையாது என்றேன். நிமிர்ந்துவிட்டார்.

பண்ணையார் கத்தினார், மிரட்டினார். கொட்டகையில் மாடுகளும் கத்தின. அவை என்ன பாவம் செய்தன? அகழியிலேயே மொண்டு அவர் கண்ணெதிரில் தண்ணீர் காட்டினேன்.

பொழுது சாயும்போது அவர் எங்கோ பார்த்துக்கொண்டு, "மொண்டுக்கிட்டுப் போங்க" என்றார்.

எனக்கு அது போதவில்லை. "இந்தப் பக்கம் பாத்துச் சொல்லுங்க. நாங்க தோண்டுன தண்ணி, எப்பவும் மொள்ளுவோம்."

மாமியார் என் முந்தானையை இழுத்தாள். நான் நகரவில்லை. அவர் கடைசியில் என் முகத்தைப் பார்த்து, "எப்பவும் மொண்டுக்கங்க" என்றார்.

முதலில் குடத்தை நிரப்பிக் கரையேற்றினேன். அப்புறம்தான் கயிற்றைப் பிடிக்கச் சொன்னேன்.